கட்டியங்காரன் நாற்காலியில் ராஜா

சங்கக் கூட்டம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. பாயைச் சுருட்டியாகிவிட்டது. கணக்கு நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. நம் இளைஞர்கள் நாலைந்து பேர் ஒரு செல்போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தோம். அமெரிக்க டெலிவிஷன். 2024 அக்டோபரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், வேட்பாளர் கமலா ஹாரிஸ் ஒரு சிரிப்பு நிகழ்ச்சியில் உட்கார்ந்து அதை நடத்துபவரோடு பீர் குடித்த படம் அது. அரங்கம் முழுக்கக் கைதட்டல். "நம்ம ஊருப் பேத்தி, அண்ணாச்சி!" என்றான் ஒரு தம்பி.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த அம்மையாரின் தாயைப் பெற்ற தகப்பனார் திருவாரூர் மாவட்டம், மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்துக்காரர். தேர்தல் சமயத்தில் அந்த ஊர்க் கோயிலில் அவர் பேரில் பூஜை நடந்தது. பெருமைப்படுவதற்கு நாம் தடை சொல்லவில்லை.

ஆனால் விடிவதற்கு முன்னால் எழுந்து இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்கும் நம் சங்கத்து அம்மா ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சிரிக்கதெல்லாம் சரிதான்யா. கூலியப் பத்தி அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சு?"

தம்பிமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் துண்டுப் படத்தில் கூலி இல்லை. பீர்தான் இருந்தது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் நாம் இங்கே விரித்து எழுதுகிறோம்.

அது என்ன நாற்காலி?

அமெரிக்காவில் இரவு பதினொன்றரை மணிக்குமேல் பெரிய டெலிவிஷன் கம்பெனிகள் சிரிப்பு நிகழ்ச்சி நடத்துகிற வழக்கம் எழுபது வருஷமாக உண்டு. கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் மேடைக்கு வந்து அன்றன்றைய செய்திகளைக் கேலி செய்வார். பிறகு ஒரு மேஜைக்குப் பின்னால் போய் உட்காருவார். பக்கத்தில் விருந்தாளிக்கு ஒரு நாற்காலி. ஓரத்தில் ஒரு வாத்தியக் கோஷ்டி. ஜானி கார்சன் என்பவர் 1962 முதல் 1992 வரை முப்பது வருஷம் இப்படி ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகிறவன் கடைசியாகப் பார்க்கும் முகம் அது.

அந்த நாற்காலிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சரக்கு விற்க வருகிறவர்கள். நடிகர் தன் புதுப் படத்தை விற்க வருவார். பாடகி தன் புதுப் பாட்டை விற்க வருவார். 1960இல் அதே நாற்காலிக்கு ஓட்டுக் கேட்பவர்களும் வந்தார்கள். ஜாக் பார் என்பவரின் நிகழ்ச்சியில் முதலில் கென்னடி, பிறகு நிக்ஸன். அன்றிலிருந்து அந்த வழக்கம் விடவில்லை.

1968 செப்டம்பர் 16 அன்று நடந்ததைச் சொல்கிறோம். 'லாஃப் இன்' என்ற சிரிப்பு நிகழ்ச்சியில் நிக்ஸனின் முகம் சில விநாடி வந்தது. அந்த நிகழ்ச்சியின் வழக்கமான கோமாளி வசனம் ஒன்றைச் சொன்னார், மறைந்தார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் வியட்நாமில் 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். செத்த வியட்நாமியர் அதைப்போலப் பல மடங்கு. போரை எப்படி முடிப்பாய் என்பதுதான் அந்தத் தேர்தலின் கேள்வி. அதற்கு அந்தச் சில விநாடியில் பதில் இல்லை. ஆனால் 'பரவாயில்லையே, இந்த மனுஷனுக்கும் சிரிக்கத் தெரிகிறதே' என்ற நினைப்பு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. எதிர்த்து நின்ற ஹம்ஃப்ரியையும் அதே நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். சுமார் ஐந்து லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் நிக்ஸன் ஜெயித்தார். அந்தச் சில விநாடிதான் ஜெயிக்க வைத்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு வந்த வேட்பாளர்களில் மறுத்தவர்களைவிட ஓடிப் போனவர்களே அதிகம்.

சாக்ஸபோன் ஞாபகம் இருக்கிறது, பேச்சு ஞாபகம் இல்லை

1992 ஜூன் 3. கருத்துக் கணிப்புகளில் மூன்றாம் இடத்தில் கிடந்த கிளின்டன், ஆர்சீனியோ ஹால் என்ற கறுப்பினத்து நகைச்சுவையாளரின் நிகழ்ச்சிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ச் சாக்ஸபோன் வாசித்தார். வாசித்து முடித்து உட்கார்ந்து பேசவும் செய்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பற்றி எரிந்திருந்தது. ஒரு கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்களை விடுதலை செய்ததால் எழுந்த கலவரம் அது. அதைப் பற்றியும் அன்று பேச்சு நடந்தது.

ஆனால் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் எது ஞாபகம் வருகிறது? சாக்ஸபோன்தான். நாலு வருஷம் கழித்து, 1996இல், அதே கிளின்டன் ஏழைக் குடும்பங்களின் உதவித் தொகைக்கு ஆயுளுக்கும் ஐந்து வருஷம் என்று வரம்பு கட்டிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த உதவித் திட்டத்தை மாற்றுவேன் என்று தேர்தலின்போதே அவர் சொல்லித்தான் வந்தார். ஒளிக்கவில்லை. அவர் சொன்னது நிற்கவில்லை, ஊதியதுதான் நின்றது.

இதுதான் அந்த நாற்காலியின் வேலை. அது பொய் சொல்ல வைப்பதில்லை. சொன்ன நிஜத்தையும் சிரிப்பில் கரைத்துவிடுகிறது. மோரில் கரைத்த உப்பு மாதிரி. இருக்கிறது, ஆனால் எடுத்துக் காட்ட முடியாது.

கூத்தில் நடப்பது வேறு

சிரிப்புக்கு நாம் விரோதியா? இல்லை. வட ஆற்காடு, தென் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த நம் குடும்பங்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராஜா கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு ஆடி வருவார். எதிரே கட்டியங்காரன் நிற்பான். "நீர் யார், எந்த ஊர், எதற்கு வந்தீர்?" என்று கேட்பான். ராஜா பெருமை பேசினால் கேலி செய்வான். ஊர்க் கஷ்டத்தை இடையிலே நுழைப்பான். பஞ்சத்தைச் சொல்வான், வட்டியைச் சொல்வான், மணியக்காரரைக்கூட ஒரு இடி இடிப்பான். சனங்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ராஜாவின் கிரீடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டுதான் போகும்.

கட்டியங்காரன் ராஜாவைக் கேலி செய்தால் அது கூத்து. ராஜாவே கட்டியங்காரன் தோளில் கை போட்டுக்கொண்டு, 'வா, நாம் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம்' என்றால், அப்புறம் கேள்வி கேட்க மேடையில் யார் மிச்சம்?

2016 செப்டம்பர் 15 அன்று ஜிம்மி ஃபாலன் என்பவரின் நிகழ்ச்சிக்கு டிரம்ப் வந்தார். ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவரே இல்லை என்ற கட்டுக்கதையை ஐந்து வருஷமாக ஊதிக்கொண்டிருந்தவர் அவர். கறுப்பினத்து ஜனாதிபதியை 'நீ இந்த மண்ணுக்காரனே இல்லை' என்று சொன்ன பேச்சு அது. பிழைக்கப் போன இடத்தில் 'நீ எந்த ஊர்க்காரன்?' என்ற வார்த்தையைக் கேட்ட நமக்கு அதன் காரம் தெரியும். அதைக் கேட்டு மடக்குவதற்கு அன்று எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! நாட்டு மக்கள் மனசில் நின்றதோ, ஃபாலன் கையை நீட்டி டிரம்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடியதுதான். மறுநாள்தான் டிரம்ப் வேறோர் இடத்தில், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர் என்று ஒப்புக்கொண்டார். அப்படி நடந்துகொண்டதற்கு ஃபாலன் பின்னால் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் பின்னால் வந்து என்ன பிரயோஜனம்? ஓட்டுப் பெட்டி மூடியாகிவிட்டது.

எல்லோரும் அப்படித்தானா? அல்ல. 2008 செப்டம்பர் 24 அன்று டேவிட் லெட்டர்மேனின் நிகழ்ச்சிக்கு வருவதாக இருந்த மக்கெய்ன், பொருளாதார நெருக்கடிக்காக உடனே வாஷிங்டன் ஓட வேண்டும் என்று சொல்லி வராமல் நின்றுவிட்டார். ஆனால் அதே நேரத்தில், அதே நகரத்தில், அதே கம்பெனியின் செய்திப் பிரிவில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். லெட்டர்மேன் அந்தப் படத்தை அப்படியே சனங்களுக்குக் காட்டிக் கிழித்தார். மூன்று வாரம் கழித்து மக்கெய்ன் வந்து தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இவன் அசல் கட்டியங்காரன் என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆனால் கவனியுங்கள்! ராஜா அந்த நாற்காலிக்கு வராத அன்றைக்குத்தான் கட்டியங்காரனுக்கு வாய் முழுசாகத் திறந்தது.

மறியலைத் தாண்டிப் போனவர்

இனி நாம் சொல்லப்போவதை யூனியன் கார்டு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

அந்த நிகழ்ச்சிகளில் நடத்துபவர் சொல்லும் சிரிப்பெல்லாம் அவர் சரக்கு மட்டுமல்ல. உள்ளே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் எழுத்தாளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யூனியன் உண்டு. 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நூறு நாள் அவர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். சுமார் 12,000 பேர். தாங்கள் எழுதியதை இன்டர்நெட்டில் போட்டுக் கம்பெனிகள் காசு பண்ணுகின்றன, அதில் எங்களுக்குப் பங்கு எங்கே என்பது கோரிக்கை.

லெட்டர்மேனின் சொந்தக் கம்பெனி யூனியனோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நிகழ்ச்சியைத் திரும்ப ஆரம்பித்தது. ஜே லீனோ நடத்திய நிகழ்ச்சிக்கு ஒப்பந்தம் கிடையாது. எழுத்தாளர்கள் வாசலில் அட்டை பிடித்து மறியல் செய்துகொண்டிருந்தார்கள். 2008 ஜனவரி 2. அயோவா மாநிலத்தில் முதல் வாக்கெடுப்புக்கு முந்தின நாள். வேட்பாளர் மைக் ஹக்கபி அயோவாவிலிருந்து விமானமேறிக் கலிஃபோர்னியா போய், மறியலைத் தாண்டி உள்ளே நுழைந்தார். எழுத்தாளர்கள் பக்கம்தான் நான் என்றார். ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று நினைத்தேன் என்றார். உள்ளே போய் வாத்தியக் கோஷ்டியோடு கிட்டாரும் வாசித்தார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உங்களை வேலையைவிட்டு நிறுத்தியவனைப் போல அல்ல, உங்களோடு வேலை பார்ப்பவனைப் போன்ற ஜனாதிபதி வேண்டும் என்பது அவருடைய பிரசாரப் பேச்சு! கூட வேலை பார்ப்பவன் மறியலில் நின்றான். இவர் அவனைத் தாண்டிப் போனார். மறுநாள் அயோவாவில் தம் கட்சி வேட்பாளர்களில் முதலாவதாகவும் வந்தார்.

நம் பாஷையில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு. 1974 மே 8 அன்று தொடங்கிய ரயில்வே ஸ்டிரைக்கில் நம் தகப்பன்மார் காலத்துத் தொழிலாளிகள் நின்றார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, வேலை போனவர்கள் உண்டு. அந்த நாளில் உள்ளே போனவனை 'கருங்காலி' என்றுதான் சொன்னார்கள். அவன் நன்றாகக் கிட்டார் வாசிப்பானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

2023இலும் அந்த எழுத்தாளர்கள் நின்றார்கள். மே 2 முதல் 148 நாள். அன்றைக்கே இரவுச் சிரிப்பு நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோயின. அவற்றை நடத்தும் ஐந்து பேர் சேர்ந்து தனியாக ஓர் ஒலிப்பதிவு நிகழ்ச்சி செய்து, அதில் வந்த வருமானத்தைத் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். சிரிக்க வைக்கிறவனும் தொழிலாளிதான் என்று அன்றைக்கு அமெரிக்காவுக்கே தெரிந்தது. கையெழுத்து அவனுடையது, கம்பெனி வேறொருவனுடையது.

ஐஸ்கிரீமும் ரயில்வேத் தொழிலாளியும்

நம் தொழிலைச் சேர்ந்த விஷயம் ஒன்று. 2022இல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வேத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? காய்ச்சல் வந்து படுத்தால் சம்பளம் வெட்டாத லீவு. 12 யூனியன்களில் 4 யூனியன்களின் உறுப்பினர்கள் அந்த லீவு இல்லாத ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். ஸ்டிரைக் வந்துவிடும் என்று பார்லிமெண்ட் கூடியது. ஏழு நாள் லீவு தரும் தீர்மானம் மேல்சபையில் விழுந்தது. ஒப்பந்தத்தைச் சட்டமாக்கித் தொழிலாளி தலையில் கட்டிய மசோதாவில் டிசம்பர் 2 அன்று பைடன் கையெழுத்துப் போட்டார். யூனியன்களின் சிநேகிதன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அவர்.

அதே பைடன், மறுபடி போட்டியிட நின்ற 2024இல், பிப்ரவரி 26 அன்று சேத் மையர்ஸ் என்பவரின் சிரிப்பு நிகழ்ச்சிக்குப் போனார். அன்றைக்கு இருவரும் நியூயார்க்கில் ஒரு கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் காஸா போர்நிறுத்தம் எப்போது என்று கேட்டார்கள். ஐஸ்கிரீம் கையில் இருக்க, அடுத்த திங்கட்கிழமைக்குள் ஆகிவிடும் என நம்புவதாகப் பைடன் சொன்னார். அந்தச் சமயத்தில் காஸாவில் இறந்தவர் தொகை, அங்கத்திய சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 30,000ஐ நெருங்கியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை வந்தது, போனது. போர் நிற்கவில்லை.

ஐஸ்கிரீம் சாப்பிடுவது குற்றமா என்று கேட்பார்கள். குற்றமில்லை. சாவு வீட்டுச் சேதியை எந்தக் கையில் எதை வைத்துக்கொண்டு சொல்வது என்று நம் குழந்தைகளுக்குக்கூட நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

சட்டம் எதை எண்ணுகிறது?

ஒருவருக்கு ஒளிபரப்பு நேரம் கொடுத்தால் எதிராளி கேட்கும்போது அவருக்கும் சமமாகக் கொடு என்று அமெரிக்காவில் 1934ஆம் வருஷச் சட்டம் ஒன்று உண்டு. 1959இல் செய்திப் பேட்டிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். 2006இல் லீனோவின் சிரிப்பு நிகழ்ச்சியில் நடக்கும் பேட்டியும் செய்திப் பேட்டிதான் என்று அரசாங்க ஆணையம் தீர்ப்புச் சொன்னது. ஆக, அந்தத் தீர்ப்பின்படி அது செய்தி. 'ஏன் சரியாகக் கேள்வி கேட்கவில்லை?' என்றாலோ, 'நாங்கள் வெறும் சிரிப்புக்காரர்கள்தானே' என்ற பதில். இரண்டு பக்கமும் லாபம் கம்பெனிக்கு.

பேட்டி அல்லாத நாடக நிகழ்ச்சிகளில் சட்டம் பிடித்ததும் உண்டு. 2015 நவம்பரில் டிரம்ப் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சியில் சுமார் 12 நிமிஷம் தோன்றினார். தம் கட்சியிலேயே போட்டியிட்ட நாலு பேருக்கு அதே அளவு நேரத்தைக் கம்பெனி கொடுத்தது. 2024 நவம்பரில் ஹாரிஸ் அதே நிகழ்ச்சியில் வந்தபோது டிரம்புக்கும் நேரம் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் சட்டம் நிமிஷத்தை எண்ணுகிறது, கேள்வியை எண்ணுவதில்லை. அந்த நாட்டில் மத்தியச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்று வைத்தார்கள். 2012, 2016, 2020, 2024 என்று நாலு ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. நாலு தேர்தலிலும் வேட்பாளர்கள் சிரித்தார்கள், ஆடினார்கள், பீர் குடித்தார்கள். 2024இல் ஓட்டுப் போட்ட நாளிலும் அந்தக் கூலி அதே 7 டாலர் 25 சென்ட்! பெர்னி சாண்டர்ஸ் மாதிரி ஒருவர் அந்த நாற்காலியிலும் கூலியைப் பேசினார். மறுக்கவில்லை. அவரைச் சிரிப்பு நாற்காலி ஜெயிக்க வைக்கவில்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

வாயைக் கட்டச் சொல்கிறோமா?

'அப்படியானால் இந்த நிகழ்ச்சிகளையே மூடிவிடலாமே' என்று சிலர் கேட்கலாம். கூடவே கூடாது. 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மல் என்பவர் சொன்ன பேச்சுக்காக, அரசாங்க ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர் மிரட்டினார். கம்பெனி நிகழ்ச்சியை நிறுத்தியது. சனங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு ஒரு வாரத்துக்குள் அவர் திரும்பினார். அதற்கு முன் அந்த ஜூலையில், ஸ்டீஃபன் கோல்பேரின் நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு முடிப்பதாக அவருடைய கம்பெனி அறிவித்தது. பண நஷ்டம்தான் காரணம் என்றது கம்பெனி. அதே மாதத்தில் அதே கம்பெனியின் தாய் நிறுவனம், டிரம்ப் போட்ட வழக்கைத் தீர்த்துக்கொள்ள 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்திருந்தது. படிக்கிறவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

ராஜாக்களுக்குக் கட்டியங்காரன் வேண்டும், தோளில் கை போட மட்டும். அவன் நிஜமாகவே வாயைத் திறந்தால் வேண்டாம். அதனால்தான் சொல்கிறோம்: கட்டியங்காரன் இருக்கட்டும். அவன் நாற்காலியில் ராஜா உட்கார வேண்டாம். வேட்பாளருக்குச் சிரிப்பு மேடை எதற்கு? தொழிற்சாலை வாசல் இருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசை இருக்கிறது. மறியல் பந்தல் இருக்கிறது. அங்கே வந்து நிற்கட்டும். அங்கேயும் சனங்கள் சிரிப்பார்கள், அவர் சொல்லும் பதிலைப் பொறுத்து!

அமெரிக்காக்காரன் விஷயம் நமக்கு எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நம் பிள்ளைகளின் கையில் அந்தத் துண்டுப் படம் வந்துவிட்டது, அதனால்தான். பேத்தி என்று பெருமைப்படும் உரிமை நமக்கு இருக்குமானால், பேத்தியைக் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. நம் வீட்டுப் பெண் ஓட்டுக் கேட்டு வந்தால், 'வா கண்ணு, உட்கார். இப்போ கூலியைச் சொல்லு' என்றுதானே கேட்போம்?

ஆகவே நம் வீடுகளில் இனி ஒரு வழக்கம் வைப்போம். எந்த நாட்டு வேட்பாளர் ஆனாலும், பாடினார், ஆடினார், சிரிக்க வைத்தார் என்று பிள்ளைகள் படம் காட்டினால் பார்ப்போம், சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு அந்த இட்லிக்கார அம்மாவின் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்போம்.

"கூலியைப் பற்றி என்ன சொன்னார்?"

பதில் இல்லையென்றால் படத்தை நிறுத்துங்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டும்.